கண்ணைச் சுற்றி வரும் சின்ன வெள்ளை மணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணுக்குக் கீழேயோ இமை மேலேயோ வெள்ளையாகச் சின்னதாக ஒன்று முளைத்தால், கண்ணாடி முன் நின்று கிள்ளிப் பார்க்கத்தான் கை போகும். அப்புறம் தெரிந்தவர் யாராவது ஒரு வைத்தியம் சொல்வார். இந்த மணிகளால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் வைத்து நாம் செய்கிற வைத்தியத்தால்தான் கெடுதல் வருகிறது. எதை அப்படியே விட்டுவிடலாம், எதற்கு டாக்டரிடம் போக வேண்டும் என்று ஒவ்வொரு கேள்வியாகப் பார்க்கலாம்.

கண்ணுக்குக் கீழே ரவை ரவையாக வெள்ளையாக இருக்கிறது. இது பருவா, கொழுப்பா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. இதற்கு மருத்துவத்தில் மிலியா என்று பெயர். தோலின் மேலடுக்கில் இருக்கும் செல்கள் ஓயாமல் செத்து உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. சில இடங்களில் அவை வெளியே போக வழியில்லாமல் தோலுக்கு அடியிலேயே மாட்டிக்கொள்ளும். அவற்றைச் சுற்றி மெல்லிய பை ஒன்று உண்டாகும். பைக்குள் இருப்பது கெரட்டின், அதாவது நகத்திலும் முடியிலும் இருக்கிற அதே வகைப் புரதம். தொட்டால் கெட்டியாக இருப்பது அதனால்தான். உள்ளே சீழ் கிடையாது, கொழுப்பு கிடையாது, கிருமியும் கிடையாது.

அளவு பெரும்பாலும் 1 முதல் 2 மில்லிமீட்டர். வலிக்காது, அரிக்காது, சுற்றிலும் சிவக்காது. பருவுக்கு இருப்பது போல இதற்கு வாய் கிடையாது. எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் வெளியே வராது, பக்கத்துத் தோல்தான் கன்றிப்போகும்.

அது ஏன் கண்ணைச் சுற்றியே வருகிறது?

முகம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பூனை முடிகள் உண்டு. தானாக வருகிற மிலியா, அந்த முடிகளின் வேர்க்குழியிலிருந்துதான் கிளம்புகிறது. கன்னம், மூக்கு, நெற்றியிலும் வரும். ஆனால் உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண்ணிமையில் இருப்பது. வேறு இடத்தில் மறைந்துவிடக்கூடிய சின்ன மணிகூட அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும்.

எனக்கு மட்டும் ஏன் வந்தது? நான் என்ன தப்பு செய்தேன்?

பெரும்பாலானவர்கள் விஷயத்தில் ஒரு தப்பும் இல்லை. காரணமே இல்லாமல் எந்த வயதிலும் வரும். நெய், பால், முட்டை சாப்பிட்டதால் வருவதில்லை. தண்ணீர் குறைவாகக் குடித்ததாலும், முகம் சரியாகக் கழுவாததாலும் வருவதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை.

காரணம் காட்டக்கூடிய இன்னொரு வகை உண்டு. தோல் ஒருமுறை காயப்பட்டு ஆறும்போது வருவது அது. தீக்காயம், கொப்புளம் வருகிற தோல் நோய்கள், லேசர், தோலைச் சுரண்டி எடுக்கும் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பிறகு அதே இடத்தில் மணி மணியாகக் கிளம்பும். ஸ்டீராய்டு கலந்த கிரீமை நீண்ட நாள் பூசினாலும் வரும்.

இந்தக் கடைசிக் காரணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் முகம் வெளுக்க என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற பல டியூப்களில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கின்றன. பூசிய சில நாளில் முகம் பளபளக்கும், பரு அடங்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, சிவந்து, ரத்த நாளங்கள் தெரிய ஆரம்பிக்கும். பருவும் முடியும் அதிகமாகும். கண்ணைச் சுற்றி நீண்ட நாள் பூசினால் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா வரலாம், கண்புரையும் வரலாம். இந்திய அரசு 2018ல் இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிற நிலைதான் பல இடங்களில்.

நீங்கள் பூசுகிற கிரீமின் டியூபை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். 'சோன்' என்றோ 'சால்' என்றோ முடிகிற மருந்துப் பெயர் இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். 'சோல்' என்று முடிகிற பூஞ்சை மருந்துகளும் உண்டு, அவை வேறு. ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் நீங்களாகவே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முகம் எரிந்து, சிவந்து, முன்பைவிட மோசமாகும். எப்படிக் குறைத்துக்கொண்டு வருவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பிறந்த குழந்தையின் மூக்கிலும் கண்ணருகிலும் வெள்ளைப் புள்ளிகள். பயப்படணுமா?

வேண்டாம். பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கும். சில வாரங்களில் தானாகவே போய்விடும். வாயின் மேலண்ணத்திலும் ஈறிலும் இதே போன்ற வெள்ளை முத்துகள் தெரிவதுண்டு. பல் முளைத்துவிட்டது என்று அவற்றைப் பார்த்துக் கலங்கும் வீடுகள் உண்டு. அதுவும் போய்விடும், பால் குடிப்பதற்கு அதனால் இடைஞ்சல் இல்லை.

குளிப்பாட்டும்போது மாவு போட்டுத் தேய்த்து உதிர்க்கப் பார்ப்பதும், பிதுக்குவதும் கூடாது. பவுடரோ எண்ணெயோ அந்த இடத்துக்கென்று தனியாகத் தேவையில்லை. புள்ளியைச் சுற்றிச் சிவந்திருந்தாலோ, மஞ்சளாகச் சீழ் தெரிந்தாலோ, நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்தாலோ, குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அது மிலியா சம்பந்தப்பட்டது இல்லை. அன்றைக்கே குழந்தைகள் டாக்டரிடம் கொண்டு போக வேண்டும்.

எனக்கு வந்திருப்பது மிலியாதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் நிறம், உருண்டை, கெட்டி, மேல்தோலுக்குச் சற்றே கீழே உட்கார்ந்திருப்பது, மாதக்கணக்கில் மாறாமல் இருப்பது என்றால் அநேகமாக மிலியாதான். ஆனாலும் கண்ணைச் சுற்றி வேறு சிலவும் வரும்.

அடிக்கடி குழப்புவது சிரிங்கோமா. வியர்வைக் குழாயிலிருந்து வளரும் சாதுவான கட்டி இது. இரண்டு கண்ணுக்குக் கீழேயும் ஒரே மாதிரி, தோல் நிறத்திலோ லேசான மஞ்சளாகவோ, வரிசை வரிசையாக இருக்கும். வயதுக்கு வந்த பெண்களுக்கு அதிகம், அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. உள்ளே எடுப்பதற்கு எதுவும் இல்லாத திடமான கட்டி என்பதால், ஊசியால் குத்தினால் ரத்தம்தான் வரும். லேசராலோ மின்சார ஊசியாலோ தட்டையாக்கிவிடலாம், ஆனால் திரும்ப வருவது சகஜம். தொந்தரவு இல்லாததை விட்டுவிடுவதில் ஒரு குறையும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

குழந்தைகளுக்கு முத்து போலப் பளபளப்பாக, நடுவில் சின்னக் குழியோடு வந்தால் அது வைரஸால் வரும் மொலஸ்கம். பாலுண்ணி என்று பலர் சொல்வது இதைத்தான். இது தொற்றும். துண்டு, தலையணை உறையைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். இமை ஓரத்தில் வந்தால் கண் சிவந்து நீர் வடியும், அப்போது கண் டாக்டர் பார்க்க வேண்டும்.

இமை ஓரத்தில் வலியோடு வீங்கிச் சிவந்து வருவது கண்கட்டி. அதை மிலியாவோடு குழப்பிக்கொள்ளவே முடியாது, வலியே சொல்லிவிடும்.

மூக்கை ஒட்டிய ஓரத்தில் மஞ்சளாகத் தட்டையாகப் படர்ந்திருக்கிறது. அதுவும் இதுதானா?

இல்லை. இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இமையின் உள்மூலையில் மெத்தென்று, மஞ்சளாக, தட்டையாகப் படர்வது சாந்தலாஸ்மா. தோலுக்குள் கொலஸ்ட்ரால் தங்குவதால் வருவது. வலி எதுவும் இல்லாததால் வருடக்கணக்கில் யாரும் கண்டுகொள்வதில்லை. இது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ரால் சரியாகவே இருக்கும். மீதிப் பேருக்குக் கூடியிருக்கும், அந்த விஷயம் இந்த மஞ்சள் திட்டைப் பார்த்த பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 1976 முதல் 1978 வரை 12,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, 2009 வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. அதன் முடிவு 2011ல் வெளியானது. சாந்தலாஸ்மா இருந்தவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. கொலஸ்ட்ரால் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. நம்மவர்களுக்கு இளம் வயதிலேயே இதய நோயும் சர்க்கரையும் வருவதை நினைத்துப் பார்த்தால், இதை முகப் பிரச்சினையாக மட்டும் எடுத்துக்கொள்வது சரியில்லை.

செய்ய வேண்டியது எளிது. காலையில் வெறும் வயிற்றில் கொலஸ்ட்ரால் பரிசோதனை, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம். முப்பது வயதில் வந்தாலும் சோதியுங்கள். குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டை நீக்குவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

மிலியாவை வீட்டிலேயே ஊசியால் குத்தி எடுத்துவிடலாமா?

கூடாது. டாக்டரும் ஊசியால்தானே எடுக்கிறார் என்று கேட்கத் தோன்றும். அவர் கிருமி நீக்கிய ஊசியை, நல்ல வெளிச்சத்தில், இன்னொருவர் முகத்தில், பழகிய கையால் வைக்கிறார். நாம் தையல் ஊசியைத் தீயில் காட்டிவிட்டு, கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிகிற நம் முகத்தில், கண்ணிலிருந்து அரை அங்குலத்தில் குத்துகிறோம். கை ஒருமுறை நழுவினால் போதும். அது நடக்காவிட்டாலும் சீழ் பிடிக்கலாம், தழும்பு விழலாம், நம் நிறத் தோலில் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கலாம்.

அம்மான் பச்சரிசிப் பால் வைத்தால் உதிரும் என்கிறார்கள். எருக்கம்பால், சுண்ணாம்பு வைக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். செய்யலாமா?

கண்ணைச் சுற்றி இவற்றில் எதையும் வைக்கக் கூடாது. தயவுசெய்து வைக்காதீர்கள்.

கையிலும் கழுத்திலும் இருக்கிற மருவுக்கு இவற்றை வைத்துப் பழக்கப்பட்டவர்கள், அதே நம்பிக்கையில் முகத்துக்கும் சொல்லிவிடுகிறார்கள். அம்மான் பச்சரிசியின் பாலும் அதே குடும்பத்துக் கள்ளிப்பாலும் தோலைப் புண்ணாக்கும் தன்மை உடையவை. ஒரு சொட்டு கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வை மங்கும். எருக்கம்பால் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். கண்ணுக்குள் போனவுடன் பெரிதாக வலிக்காமல் போகலாம். சில மணி நேரம் கழித்து விழி மங்கிப் புகை மூட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும்போதுதான் உறைக்கும். சுண்ணாம்பு எல்லாவற்றிலும் கொடியது. காரப் பொருள் என்பதால் மேலோடு நிற்காமல் உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும். சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன குழந்தைகளைப் பார்க்காத கண் மருத்துவர்கள் இங்கே குறைவு.

தவறி இவற்றில் எது கண்ணில் பட்டாலும், அந்த நொடியே சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். குழாய்த் தண்ணீர் போதும். இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்புத் துணுக்கு இமைக்குள் ஒட்டியிருந்தால் ஈரத் துணியால் மெதுவாக எடுத்துவிட்டுத் தொடர்ந்து கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதையும் விடாதீர்கள், கண்ணைக் கட்டிவிடவும் வேண்டாம். கழுவி முடித்ததும் நேரே கண் மருத்துவமனை. வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் உட்கார வேண்டாம்.

எலுமிச்சைச் சாறு, பற்பசை, வினிகர்?

எதுவும் பையைக் கரைக்காது. இமைத் தோலை எரிக்கும், அவ்வளவுதான்.

ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. சிலருக்குச் சில மாதங்களில் தானாகப் போகும், சிலருக்கு வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். புற்றுநோயாக மாறாது. பார்வையைப் பாதிக்காது. அழகுக்காக எடுக்க ஆசைப்படுவதிலும் தப்பு இல்லை, விட்டுவிடுவதிலும் தப்பு இல்லை.

டாக்டர் எப்படி எடுப்பார்? வலிக்குமா?

இடத்தைச் சுத்தம் செய்வார். தேவைப்பட்டால் மரத்துப்போகும் கிரீமைப் பூசிச் சிறிது நேரம் காக்க வைப்பார். நுண்ணிய ஊசியாலோ கூரிய பிளேடு முனையாலோ மணியின் மேல் இருக்கும் தோலை மட்டும் லேசாகக் கீறுவார். பிறகு பக்கவாட்டில் சின்னக் கருவியால் அழுத்தினால் வெள்ளை மணி முழுசாக வெளியே வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது. எறும்பு கடிக்கிற அளவு வலி, ஒரு துளி ரத்தம். தையல் கிடையாது.

நிறைய இருந்தால் மெல்லிய மின்சார ஊசியால் சுடுவதோ, கார்பன் டை ஆக்சைடு லேசரோ செய்யலாம். நாலைந்து மணிக்கு லேசர் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், சாதாரண முறையில் ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். உறைய வைத்து எடுக்கும் முறையும் உண்டு. நம் நிறத் தோலில் அது வெள்ளைத் திட்டை விட்டுப் போகலாம் என்பதால் கண்ணருகில் அது எனக்கு உவப்பில்லை.

எடுத்த பிறகு டாக்டர் தரும் களிம்பை இரண்டு மூன்று நாள் பூசினால் போதும். ஓரிரு நாள் மேக்கப் வேண்டாம். பொருக்கைப் பிய்க்க வேண்டாம்.

கிரீம் பூசியே போக்க முடியாதா?

ஓரளவு முடியும். அடாப்பலீன், ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டு மருந்துகள் செத்த செல்கள் உதிர்வதைச் சீராக்கும். கன்னத்திலும் நெற்றியிலும் நிறைய மணிகள் இருப்பவர்களுக்குப் பலன் தரும். ஆனால் பொறுமை வேண்டும், வாரங்கள் போதாது, மாதங்கள் ஆகும். இரவில் மட்டும், மிகக் கொஞ்சமாகப் பூச வேண்டும். இமை மேலேயும் கண்ணின் ஓரத்திலும் பூசக் கூடாது. முதலில் எரிச்சலும் தோல் உரிதலும் இருக்கும், பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் இவற்றைத் தொடக் கூடாது. சாலிசிலிக் அமிலம், கிளைக்காலிக் அமிலம் கலந்த கடைச் சரக்குகளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், பெட்டியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும்.

பியூட்டி பார்லரில் பேஷியல் செய்யும்போதே எடுத்துவிடுகிறார்களே?

தோலைத் திறந்து எடுக்கிற வேலை அது. ஒரே ஊசியோ கருவியோ பலர் முகத்தில் படும் இடமாக இருந்தால் மஞ்சள் காமாலை பி போன்ற ரத்தத்தில் பரவும் கிருமிகள் தொற்ற வழி உண்டு. எடுப்பது மிலியாவா, சிரிங்கோமாவா, வேறு ஏதாவதா என்று பிரித்துச் சொல்லும் பயிற்சியும் அங்கே எதிர்பார்க்க முடியாது. செலவுதான் கவலை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. புற நோயாளியாகப் போய்க் காட்டலாம்.

எடுத்த இடம் கறுத்துப்போகுமா?

சிலருக்குக் கறுக்கும். மாநிறத் தோலில் எந்தக் காயமும் ஆறும்போது கருமை விடுவது இயல்பு. பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். வெயிலில் போகும்போது எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள். ஏற்கெனவே பருத் தழும்பு கறுத்து நிற்கும் முகம், காயம் ஆறினால் மேடாகத் தடிக்கும் தோல் என்றால் எடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் போய் உட்காராதீர்கள், ஒரு மாதமாவது இடைவெளி இருக்கட்டும்.

கண்மை, மேக்கப், விளக்கெண்ணெய் எல்லாம் விட்டுவிட வேண்டுமா?

முழுக்க விட வேண்டியதில்லை. கெட்டியான, எண்ணெய்ப் பசை மிகுந்த கிரீம்களைக் கண்ணுக்கு அடியில் தடவிக்கொண்டே இருப்பவர்களுக்கு மணிகள் அடிக்கடி வந்தால், லேசான கிரீமுக்கு மாறச் சொல்வது டாக்டர்களின் வழக்கம். மாறிப் பார்க்கலாம், நஷ்டம் இல்லை. ராத்திரி படுக்கும் முன் மையையும் மேக்கப்பையும் மென்மையாகத் துடைத்துவிடுங்கள். கரகரப்பான ஸ்க்ரப் போட்டு இமையைத் தேய்க்க வேண்டாம்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள் எவை?

மணி வளர்ந்துகொண்டே போவது, ரத்தம் கசிவது, புண்ணாகி ஆறாமல் இருப்பது, அந்த இடத்தில் மட்டும் இமை முடி உதிர்வது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வரும் ஒரு புற்றுநோய் மேலை நாடுகளில் அரிது. இந்தியாவில் இமைப் புற்றுநோய்களில் அதற்குக் கணிசமான பங்கு உண்டு. ஆரம்பத்தில் சாதாரணக் கண்கட்டி போலவே இருந்து ஏமாற்றும். ஐம்பதைத் தாண்டியவருக்கு, ஒரே இடத்தில், திரும்பத் திரும்பக் கண்கட்டி வந்தால் களிம்பு போட்டுக்கொண்டே இருக்காமல் கண் டாக்டரிடம் காட்டித் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

திடீரென்று சில வாரங்களுக்குள் கொத்துக் கொத்தாக நிறைய மணிகள் வந்தாலும், சிவந்த தடிப்பின் மேல் கூட்டமாக மணிகள் உட்கார்ந்திருந்தாலும் தோல் டாக்டர் ஒருமுறை பார்ப்பது நல்லது. மற்றபடி சாதாரண மிலியாவுக்கு அவசரமே இல்லை. முகத்தோலில் இருப்பதைத் தோல் டாக்டரிடமும், இமை விளிம்பில், முடி வரிசையை ஒட்டி இருப்பதைக் கண் டாக்டரிடமும் காட்டுங்கள்.

எடுத்த பிறகு மறுபடியும் வருமா?

எடுத்த மணி அதே இடத்தில் திரும்புவது குறைவு. பக்கத்தில் புதிதாக வரலாம், அது சிகிச்சை சரியில்லை என்று அர்த்தமில்லை. ஸ்டீராய்டு கிரீம் காரணமாக வந்திருந்தால், அந்த கிரீம் நிற்காத வரை வந்துகொண்டேதான் இருக்கும். டாக்டரிடம் போகும்போது, முகத்துக்கு இதுவரை பூசியதெல்லாம் டியூபாகவோ டப்பாவாகவோ வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். காலி டியூப் ஆனாலும் சரி.